வாயுவுக்கு நேர்ந்த கிடா

எங்கள் மலையில் ஓர் ஊர் இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது. ரேஷன் கார்டில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறி "கோயிலுக்கு ஒன்னு" என்றால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். ஏற்காட்டில் எத்தனையோ கோயில் இருந்தும், எந்தக் கோயில் என்று அவர் கேட்பதில்லை. செம்மநத்தம் தாண்டி, ரோடு தன்னை ரோடு என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிற அளவுக்கு ஒடுங்கிப்போன பிறகு அந்த ஊர் வரும். கொஞ்சம் வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பெட்டிக்கடை, அப்புறம் முனியப்பன். எந்த வீட்டுக் கூரையும் முனியப்பனின் மீசை உயரத்துக்கு வராது.

மீசைக்காக அந்த முனியப்பன் பேர் வாங்கவில்லை. அந்த மீசை சேலம் ஜில்லாவில் எல்லா முனியப்பனுக்கும் உண்டு. இவரிடம் ஏமாற்று வேலை நடக்காது, அதுதான் விசேஷம். கிடா வெட்டுகிற கோயில்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, முதுகில் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். அது உடம்பு முழுக்கச் சிலிர்த்து ஒரு உதறு உதற வேண்டும். அதற்குத் துளுக்கு என்று பெயர். துளுக்கினால் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். துளுக்காவிட்டால் கத்தியைத் தொட முடியாது. மற்ற ஊர்களில் இதற்குக் குறுக்குவழிகள் உண்டு. காதில் ஒரு கை தண்ணீர் விட்டால் கிடா என்ன, கலெக்டரே துளுக்குவார். இந்த ஊரில் அது செல்லாது. ஒரே ஒரு சொம்பு, முதுகில் மட்டும். காதில் ஊற்றக்கூடாது, ஊதக்கூடாது, கிள்ளக்கூடாது, வாலைத் தொடவே கூடாது. அப்புறம் கைகட்டி நிற்க வேண்டும். உச்சி பூஜை மணி அடிப்பதற்குள் துளுக்கினால் உண்டு. இல்லையென்றால் வந்த கிடாயை வந்த கயிற்றோடு ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுத்த வருடத் திருவிழா வரை தீனி போட்டு, மறுபடியும் கொண்டுவர வேண்டும். சாமி அதுவரை ஒப்புக்கொள்ளவில்லை என்று கணக்கு.

இந்தச் சாமியிடம்தான் என் மனைவி எனக்காக ஒரு கிடா நேர்ந்துகொண்டாள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் காபித்தூள், மிளகு, தைலம் விற்கிற கடை என்னுடையது. போன சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி தின்றேன். அதன் மேல் பலாச்சுளை. எத்தனை என்று கேட்காதீர்கள், பழம் சிறியதுதான். அதன் மேல் ஒரு சோடா. அரை மணி நேரத்தில் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். இடது கை மரத்தது. அது தானாக மரத்ததா, இல்லை, மரத்துவிட்டதா என்று நான் அழுத்தி அழுத்திப் பார்த்ததில் மரத்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கடையில் இருந்த வாடிக்கையாளரிடம் "நான் போறேனுங்க" என்றேன். அவர், "காபித்தூளைக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

என் மனைவியின் அண்ணன் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின் சீட்டில் என்னைக் கிடத்தி மலை இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றேன் அல்லவா. அடிவாரம் வரை வண்டிமேல் வண்டி. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றது, நின்றபடியே நின்றது. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேனை வளைவிலேயே நிறுத்திவிட்டுக் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குரங்குக்காகச் சாகிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேதான் என் கடைசி வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். மாடியில் மிளகு காய்கிறது, மழைக்கு முன்னால் வாரிவிட வேண்டும் என்றேன். ஷட்டர் பூட்டு இடது பக்கம் திருப்பினால்தான் விழும் என்றேன். கடை வாசலில் படுக்கிற நாய்க்குக்கூட ஒரு வார்த்தை சொன்னேன். என் தலையை மடியில் வைத்திருந்தவள், அந்த வளைவிலிருந்தே மலை உச்சிப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, "முனியப்பா, இவரு எந்திரிச்சு நடந்தாருன்னா உனக்கொரு கெடா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பேப்பர் வெளியே வந்துகொண்டிருந்தபோது எனக்கு ஓர் ஏப்பம் வந்தது. சாதாரண ஏப்பம் அல்ல. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் இருந்தவர் இறங்கிப் போய்விட்டார். டாக்டர் பேப்பரைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், "கேஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அது என் கதையாகிவிட்டது. கதையோடு விற்றால் காபித்தூள் கூடுதலாகப் போகும், வியாபார ரகசியம். கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஜீப், குரங்கு, மிளகு, பூட்டு எல்லாம் நடித்துக் காட்டுவேன். கடைசியில் ஏப்பம். டூரிஸ்ட்டுகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். "வாயுவுக்குக் கெடா நேந்த குடும்பம், ஏற்காட்டிலேயே எங்க குடும்பம்தானுங்க" என்று முடிப்பேன். நடுவில் என் மனைவி கும்பிடுவதையும் குரல் உடையச் செய்துகாட்டுவேன். அந்த இடம் வரும்போது அவள் உள்ளே பொட்டலம் மடிக்கப் போய்விடுவாள். வேலை இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் திருவிழா வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சீசன் நேரம், கடையில் கூட்டம் அம்முகிறது, இவள் ஷட்டரை இறக்கு என்கிறாள். 

"ஏனுங்க, சாமிகிட்டச் சொன்ன வார்த்தைங்க."

"சாமிக்கே தெரியுமே அது கேஸுன்னு."

"டாக்டருக்குத் தெரிஞ்சதுதான் உங்களுக்குத் தெரியும். சாமிக்கு என்ன தெரியும்னு உங்களுக்கெப்படித் தெரியும்?"

ஷட்டரை இறக்கினேன்.

செம்மநத்தத்தில் ஒருவரிடம் வாங்கிய கருங்கிடா ஜீப்பின் பின்னால் என்னோடு வந்தது. சேலத்திலிருந்து வந்த என் அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தாள், பின்னால் வந்தால் தலை சுற்றுமாம். கிடாவுக்குத் தலை சுற்றாது போல. அது என் வேட்டி நுனியை மென்றுகொண்டு நிம்மதியாக வந்தது. வழியெல்லாம் மச்சான் ஓட்டிக்கொண்டே பேசினார். மச்சான் பேச்சில் ஒரு குணம் உண்டு, எந்த இடத்தில் எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சரியாக அந்த இடத்தில் சொல்வார்.

"மாப்ள, மூணு வருசத்துக்கு முன்ன கிளியூர்க்காரரு ஒருத்தரு கெடா கொண்டாந்தாரு. துளுக்கவே இல்லை."

"அப்புறம்?"

"ஓட்டிட்டுப் போயி, தீனி போட்டு, மறுவருசம் கொண்டாந்தாங்க."

"துளுக்குச்சா?"

"கெடா வந்துச்சு மாப்ள. ஆளு வரலை."

ஜீப் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. என் நெஞ்சும் கூடவே விழுந்தது. அது எழுந்ததா என்று தெரியவில்லை. அக்கா திரும்பிப் பார்த்து, "ஏஞ் சாமி மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றாள். கிடா நாற்றம் என்றேன்.

கோயில் என்றால் கோபுரம் கிடையாது. ஒரு பெரிய பலாமரம். அதன் கீழே மேடை. மேடைமேல் அரிவாளோடு முனியப்பன். காலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அரிவாளும் மீசையும் மட்டும் தெரிந்தன, அது போதுமானதாக இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பங்களின் கிடாக்கள் தண்ணீர் பட்டதும் சொல்லிவைத்த மாதிரி துளுக்கின. ஒவ்வொன்றுக்கும் "துளுக்கிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. ஒரு கிடா பூசாரி சொம்பைத் தூக்கும்போதே துளுக்கிவிட்டது, அவ்வளவு அவசரம். இவ்வளவுதானே, வெயிலுக்கு முன்னால் கடை திறந்துவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன்.

எங்கள் முறை வந்தது. கயிற்றை என் கையில் கொடுத்தார்கள், யாருக்காக நேர்ந்ததோ அவர்தான் பிடிக்க வேண்டுமாம். பூசாரி ஒல்லியான மனிதர். நெற்றி முழுக்க விபூதி, இடுப்பில் செல்போன். கிடாயின் முதுகில் மஞ்சத்தண்ணி ஊற்றினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது.

கிடா ஒன்றும் செய்யவில்லை.

தண்ணீர் முதுகில் வழிந்து வயிற்றில் சொட்டியது. அது தலையைத் தூக்கிப் பலாமரத்தைப் பார்த்தது. அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்குப் பலா இலை என்றால் எனக்குப் பலாச்சுளை மாதிரி. பூமியில் என்ன நடந்தாலும் கண் அங்கேதான். அதன் வாய் சும்மா அசைபோட்டது.

கொஞ்ச நேரம் இப்படியே போனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க, கெடா தூங்குதுங்களா?"

"கண்ணு தொறந்திருக்குதுப்பா. ஆளுதான் தூங்கறாரு."

"கவுத்த இழுத்துப் புடிக்காதீங்க. அதுக்குக் கோவம் வந்துரப்போகுது."

நான் கயிற்றைத் தளர்த்தினேன். இறுக்கினேன். மறுபடி தளர்த்தினேன். நின்ற இடத்திலேயே மெதுவாக என் தோளைக் குலுக்கிக் காட்டினேன், பார்த்துச் செய்யட்டும் என்று. பூசாரி, "நீங்க துளுக்குனாச் செல்லாதுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. வழக்கமாக அப்படி ஒரு சிரிப்பை நான் விலை கொடுத்தும் வாங்குவேன். அன்றைக்கு அது பிடிக்கவில்லை.

ஏனென்றால் என் இடது கை மரக்க ஆரம்பித்திருந்தது. நெஞ்சில் பழைய ஆள் வந்து கதவைத் தட்டினார். கிளியூர்க்காரர் ஞாபகத்துக்கு வந்தார். டாக்டர் ஏமாந்திருக்கலாம். மிஷின் பழையதாக இருக்கலாம். ஏப்பம் தற்செயலாக இருக்கலாம். ஏமாறாத சாமி ஒன்று எதிரே நிற்கிறது, அது என் கணக்கை இன்னும் முடிக்கவில்லை என்கிறது. எதற்கு நேர்ந்தார்களோ அது நடக்கவே இல்லை என்றால்? வாயு என்று நான் சிரித்த வருடம் முழுக்க, இது வேறு என்னவோவாக உள்ளே உட்கார்ந்திருந்தால்? வியர்த்தது. அந்தப் பனியில் வியர்த்த ஒரே ஆள் நான்தான். இடது கையில்தான் இவ்வளவு நேரமும் கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. வலது கைக்கு மாற்றினேன். இடது கை சரியானது. உடனே வலது கை மரத்தது.

பூசாரி என் பக்கம் வந்தார். "ஊட்டுல யாருக்கோ மனக்கொறை இருக்குதுங்க. அத எறக்கி வெச்சாத்தான் சாமி உத்தரவு குடுக்கும். யாரா இருந்தாலும் சாமிகிட்டச் சொல்லிருங்க."

இதுவும் அந்த ஊரின் வழக்கம்தான். கிடா நின்றால் குடும்பம் பேச வேண்டும். நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் பேசமாட்டார்கள் என்று நம்பினேன். என் அக்கா இதற்காகவே சேலத்திலிருந்து வந்தவள் போல முன்னால் வந்தாள்.

"எனக்கிருக்குது. திருவிழாவுக்கு வான்னு நேர்ல வந்து கூப்புடலை. போன்லயும் கூப்புடலை. வாட்ஸப்புல வாய்ஸ் அனுப்புனான். அதுலயும் பாதி, கடையில எவருக்கோ தைலம் வெல சொல்றான்."

கூட்டம் 'ச்சு' கொட்டியது. நான் அக்காவின் காலைத் தொட்டேன். கிடாயைப் பார்த்தோம். பலாமரம்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "சொல்லோணும்னா எனக்கும் ஒன்னு இருக்குதுங்க. சாகப்போற மனுசன் சொன்ன வார்த்தையாச்சேன்னு, இவர ஆஸ்பத்திரியில வுட்டுட்டு, மறுபடி மலையேறி வந்து, மழையில நின்னு அந்த மொளக வாரிப் போட்டேன். மக்யா நாளு வந்து, 'ஏன் மச்சான் ஈரத்தோட வாரிட்டீங்க'ங்கறாரு."

வரிசையில் ஒரு பெரியவர், "அது தப்புங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மச்சானிடமும் மன்னிப்புக் கேட்டேன். கிடாயைப் பார்த்தோம். அது இடம்கூட மாறவில்லை. எனக்குச் சாமிமேல் கோபம் வந்தது, பூசாரிமேல் வந்தது, செம்மநத்தத்துக்காரர்மேல் வந்தது. துளுக்காத ஜாதி ஆட்டை விற்றுவிட்டாரே என்று. எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக் குழந்தை பசியில் அழுதது. அதன் அம்மா, "அழுவாத கண்ணு, மாமா கெடா துளுக்கட்டும்" என்றாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வையை முனியப்பனே பார்த்ததில்லை.

பூசாரி செல்போனில் மணி பார்த்தார். உச்சி நெருங்கிவிட்டது என்று அவர் முகம் சொன்னது. பிறகு என் மனைவியிடம் திரும்பினார்.

"நேந்தது நீங்கதானுங்களே அம்மா?"

"ஆமாங்க."

"உங்களுக்கேதும் இருக்குதுங்களா?"

"எனக்கென்னங்க. ஒன்னுமில்லீங்க."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன், "ஒன்னுமில்லீங்க" என்பது பெரிய சொல். நான் அவளிடம் குனிந்து, "இருந்தாச் சொல்லித் தொலையேன், கூட்டம் பாக்குது" என்றேன்.

"கூட்டம் பாத்தா உங்களுக்குப் புடிக்குமே."

"என்ன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்துத்தான் பேசினாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"அன்னைக்கு அந்த வளைவுல இவரு செத்துப்போயிருவாருன்னுதான் நெனச்சேன் சாமி. கை கால் எல்லாம் வெடவெடன்னு வந்துச்சு. ஒரு வருசமா அதத்தான் கடையில நடிச்சுக் காட்டறாரு. நான் அழுவறத என்னைய மாதிரியே பண்றாரு. நொம்ப நல்லாத்தான் பண்றாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு மட்டும் அந்த வளைவு இன்னும் முடியலை."

யாரும் 'ச்சு' கொட்டவில்லை. கொட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பூசாரி என்னிடம் சொன்னார்: "நடந்தத நீங்க சாமிகிட்டச் சொல்லுங்க. சிரிப்புக் காட்டாமச் சொல்லுங்க."

இது என்ன தண்டனை என்று உங்களுக்குப் புரியாது. ஒரு வருடமாக ஒரே கதையை நடித்தவனிடம் அதை நடிக்காமல் சொல்லச் சொல்வது, பஸ் டிரைவரை ஹாரன் இல்லாமல் மலை இறங்கச் சொல்வது மாதிரி. வாயைத் திறந்தேன். முதலில் குரங்குதான் வந்தது, விழுங்கினேன். அடுத்து மிளகு வந்தது, அதையும் விழுங்கினேன். பூட்டு. நாய். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சொல்வதற்கு மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

"பயந்துட்டேன் சாமி" என்றேன். "இவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. அதான் பூட்டப் பத்திப் பேசிட்டிருந்தேன்."

பூட்டு மறுபடி உள்ளே நுழைந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கூட்டம் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கிடாயைப் பார்த்தோம்.

கதையாக எழுதினால் இந்த இடத்தில் அது துளுக்கியிருக்கும். துளுக்கவில்லை. அவ்வளவு பெரிய உண்மையை நான் வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்லியும் அது பலா இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பூசாரி ஒரு பெருமூச்சு விட்டு மணிக்கயிற்றின் பக்கம் நடந்தார். மச்சான் ஜீப் சாவியைத் தேட ஆரம்பித்தார். ஒரு வருடம் இந்தக் கிடாவுக்குத் தீனி போட வேண்டும், ஒரு வருடம் இவள் என் மூச்சை எண்ணிக்கொண்டு தூங்காமல் கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. வாயு இல்லை, எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும்.

கயிறு என் கையில் இருந்ததால் நான்தான் கிடாவுக்கு மிக அருகில் நின்றேன். அதனால் பார்த்தேன். மேலே ஒரு பலா இலையில் காலையிலிருந்து பனி சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நுனியில் கொழுத்த ஒரு சொட்டு தொங்கியது. ஆடியது. விழுந்தது. அண்ணாந்து நின்ற கிடாயின் இடது காதுக்குள், வைத்த மாதிரி, நேராக.

கிடா கொம்பிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது. மஞ்சத்தண்ணி என் சட்டை முழுக்கத் தெறித்தது.

"துளுக்கிருச்சு!"

மலையே கத்தியது போலிருந்தது. பின்னால் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். பெரியவர் என் முதுகில் அடித்தார். அக்கா அழுதாள். பூசாரி மணியை விட்டுவிட்டு ஓடிவந்து என் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார். "மனசத் தொறந்து சொன்னீங்க பாருங்க, சாமி அடுத்த நிமிசமே உத்தரவு குடுத்துருச்சு" என்றார்.

காதில் தண்ணீர் விடக்கூடாத கோயில். ஏமாற்ற முடியாத முனியப்பன். அவர் தலைமேல் நிற்கிற மரமே காதில் தண்ணீர் விட்டுவிட்டது! பலா கொடுத்த வாயுவைப் பலாவே வந்து தீர்த்துவைத்திருக்கிறது! என் ஐம்பது வருட வாழ்க்கையில் இதைவிட நல்ல ஒரு நகைச்சுவை என் வாசலுக்கு வந்ததில்லை. அது நாக்கு நுனியில் வந்து நின்றது. எதிரே நூறு பேர், எல்லோரும் சிரிக்கத் தயாரான முகத்தோடு. வாயைத் திறந்தேவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தளர்ந்திருந்தது. ஒரு வருடமாக அந்த முகத்தில் ஏதோ இறுகியிருந்தது என்பதே, அது இல்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. சாப்பாடு பிரமாதம். எங்களுக்காகப் பட்டினி கிடந்த வரிசைக்கே இலை போட்டோம். அந்தக் குழந்தை என்னை மன்னித்துவிட்டது. நானும் கொஞ்சம் அதிகமாகவே தின்றேன்.

திரும்பும்போது ஜீப்பின் பின்னால் நானும் அவளும் மட்டும். கிடா நின்ற இடத்தில் கழுவிய பாத்திரங்கள் உருண்டன. எனக்கு அந்தக் கிளியூர்க்காரரைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மச்சான், அந்தக் கெடா வந்துச்சு, ஆளு வரலைன்னீங்களே. எப்படிச் செத்தாரு?"

"யாரு செத்தாங்க? திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு மாப்ள. லீவு குடுக்கலை."

மச்சானை அன்று ஜீப்பிலிருந்து தள்ளிவிடாததற்கு ஒரே காரணம், ஓட்டுவது அவர் என்பதுதான்.

செம்மநத்தம் தாண்டியதும் பனி விலகியிருந்தது. அவள் என் சட்டையில் காய்ந்துபோன மஞ்சளைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, துளுக்குனப்ப என்னமோ சொல்ல வாயத் தொறந்தீங்களே?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லீங்களா?"

"துளுக்கிருச்சுன்னுதான் சொல்ல வந்தேன். எல்லாரும் சொல்லிட்டாங்க."

முன் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு முன் சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"எடது காதுலதான உழுந்துச்சு?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நானும் அங்கதான நின்னேன். எல நுனியில தொங்கறப்பவே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்த? அப்ப சாமி உத்தரவு?"

"நான் கெடாயவா பாத்துட்டிருந்தேன்? சொட்டு உழுந்ததும் உங்க வாயத்தான் பாத்தேன். ஒரு நிமிசம் தொறந்துச்சு. போச்சுடான்னு நெனச்சேன். மூடிக்கிச்சு." அவள் முனியப்பன் இருக்கிற திசையில் கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு அதுதானுங்க துளுக்கு."

 பேசுகிற நிலையில் நான் இல்லை. இலையில் அதிகமாகத் தின்றது நெஞ்சுக்குக் கீழே திரண்டு மேலே வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கைப்பிடியை இறுக்கி, ஒண்டிக்கடை வரை அடக்கிப் பார்த்தேன். கடை வாசலில் ஜீப் நின்றதும் வந்துவிட்டது. படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

முதலில் சிரித்தது அவள்தான்.